ஆர்ச்சர்ட் சாலைக்கு அடியில் ஓர் ஓடை

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையின் வழவழப்பான நடைபாதைக்குக் கீழே ஓர் ஓடை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாங்ளின் பக்கத்து மேட்டிலிருந்து இறங்கி, கடைத்தொகுதிகளின் வாசலோரமாகக் கிழக்கே வந்து, டோபி காட்டைத் தொட்டு, ஸ்டாம்ஃபோர்டு சாலையை ஒட்டிப் போய் மரினா விரிகுடாவில் கலக்கிறது. அதன் பழைய பெயர் சுங்கை பிராஸ் பாசா. இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். பெரும்பகுதி கான்கிரீட் மூடிக்குள் போய்விட்டதால், மேலே பை நிறையத் துணிமணி வாங்கிக்கொண்டு நடப்பவர்களுக்குக் காலடியில் தண்ணீர் ஓடுவது தெரிய வழியில்லை.

இந்த ஓடைப் பள்ளத்தாக்குதான் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் குளிர்ச்சியான வாசஸ்தலம். கடற்கரை நகரத்தின் புழுக்கமும் நெரிசலும் பொறுக்காத வெள்ளைக்காரத் துரைமார் இங்கே தோட்டம் போட்டு, பங்களா கட்டி, மாலையில் வராந்தாவில் காற்று வாங்கினார்கள். அதே ஓடையின் கீழ்ப்பகுதியில், இப்போது டோபி காட் நிலையம் இருக்கும் இடத்தைச் சுற்றி, சென்னை ராஜதானியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் ஊராரின் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பங்களாவின் கதையைச் சொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு. துணி துவைத்தவர்களின் கதையைச் சொல்லும்போது ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே தண்ணீரை நம்பி வாழ்ந்த இரண்டு கரைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இடம் வளர்ந்ததும் தேய்ந்ததும் புரியும் என்று எனக்குப் படுகிறது.

தேக்காவிலிருந்து டோபி காட்டுக்கு வடகிழக்கு ரயில் பாதையில் ஒரே ஒரு நிறுத்தம். லிட்டில் இந்தியா நிலையத்தில் மல்லிகைப்பூ வாசனையோடு ஏறியவர், அது மூக்கை விட்டு அகலும் முன் இறங்கிவிடலாம். 1987இல் முதல் ரயில் பாதை, 2003இல் இரண்டாவது, 2010இல் வட்டப்பாதை என்று மூன்று பாதைகள் இங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகச் சந்திக்கின்றன. பூமிக்கு அடியில் அத்தனை ஆழத்திலிருந்து நகரும் படிக்கட்டுகளில் மாறி மாறி ஏறி வந்தால், சுவரில் பல மொழிகளில் நிலையத்தின் பெயர். தமிழில் ‘டோபி காட்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அந்நாளைய தமிழர்கள் இந்தப் பகுதியை வண்ணான் தெரு என்று அழைத்ததாக 19ஆம் நூற்றாண்டுப் பதிவு ஒன்று சொல்கிறது.

வெளியே வந்ததும் நான் முதலில் மேற்கே, ஓடையின் மேல்கரையை நோக்கி நடந்தேன். சாலை ஏன் இங்கே வந்தது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய பிறகு நகரம் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் வளர்ந்தது. ஆறு சீக்கிரமே படகும் கிடங்கும் கழிவுமாக நிறைந்துபோனது. இந்த ஓடையோ அப்படியில்லை. ஆரம்பகால நகர வரைபடங்கள் அதை நன்னீர் ஓடை என்றே குறித்தன. அதன் பள்ளத்தாக்கில் மண் நன்றாக இருந்தது. இரு பக்கமும் தாழ்ந்த குன்றுகள். குன்றின் மேல் காற்று. 1830களில் ஓடையை ஒட்டிச் சாலை போட்டதும் பழத்தோட்டமும் மிளகும் சாதிக்காயும் பின்னாலேயே வந்தன.

சாதிக்காய் அன்று ஒரு வெறியாகவே பிடித்தது. அரசு மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி 170 ஏக்கருக்கு மேல் வாங்கிச் சாதிக்காய் வைத்தார். 1848இல் அதன் சாகுபடியைப் பற்றி விரிவான கட்டுரையும் எழுதினார். துறைமுக அதிகாரியாக இருந்த வில்லியம் ஸ்காட், தபால் இலாகாவின் வில்லியம் கப்பேஜ், குன்றின் மேல் வீடு கட்டிய சார்லஸ் கார்னி என்று ஆளுக்கொரு சரிவைப் பிடித்தார்கள். ஸ்காட்ஸ் சாலை, கப்பேஜ் சாலை, கெயர்ன்ஹில், ஆக்ஸ்லி சாலை என்று அவர்கள் பெயர் இன்றும் தெருப் பலகைகளில் இருக்கிறது. 1865இல் வெளியான தன் நூலில் ஜான் கேமரன் இந்தச் சாலையின் நிழலை மனம்விட்டுப் புகழ்கிறார். மூங்கில் வேலி, இருபுறமும் அடர்ந்த மரம், தள்ளித் தள்ளி ஒரு பங்களா. காலையில் குதிரை வண்டியில் நகரத்து அலுவலகத்துக்குப் போய், வெயில் தாழ்ந்ததும் திரும்பி வருவது. ஊட்டிக்குப் போகக் கப்பலும் மாட்டு வண்டியும் பிடிக்க வேண்டிய தூரத்தில் இருந்தவர்களுக்கு, இரண்டு மைலில் ஒரு சிறிய மலைவாசஸ்தலம் கிடைத்தது போல.

தோட்டம் தந்த பணம் நிலைக்கவில்லை. 1850களின் பிற்பகுதியில் சாதிக்காய் மரங்களுக்கு நோய் கண்டது. இலை உதிர்ந்து கிளை கிளையாகப் பட்டுப்போன மரங்களை என்ன செய்தும் மீட்க முடியவில்லை. 1860களில் தோட்டங்கள் வெறும் மனையாக விலைக்கு வந்தன. ஆனால் காற்றும் நிழலும் இருந்தன. ஆகவே வசிக்க வருபவர்கள் குறையவில்லை. தோட்டக்காரர்கள் போய் வணிகர்களும் வழக்கறிஞர்களும் வந்தார்கள். வீடுகள் நெருங்கின. ஓடை மெல்ல மெல்ல சாக்கடையாகத் தொடங்கியது அப்போதுதான்.

இனி கீழ்க்கரைக்கு வருவோம். டோபி காட் நிலையத்தின் பிராஸ் பாசா பக்கத்து வாசலில் நின்றால், எதிரே ஒய்எம்சிஏ கட்டடமும் சிறிய பசுந்திடலும் தெரியும். இந்த இடத்தில்தான் துவைத்த துணி உலர்ந்தது. ஓடையில் வந்த படகுகளின் ஈர அரிசியை இந்தக் கரையில் காயப்போட்டதால் பிராஸ் பாசா என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அரிசிக்குப் பின் வேட்டியும் கால்சட்டையும் மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும் அதே வெயிலில் காய்ந்தன.

அந்தத் தொழிலை இன்றைக்கு எந்திரத்தில் துணி போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெப்பமண்டலத்தில் வெள்ளைக்காரன் வெள்ளை உடுப்புதான் போடுவான். காலையில் ஒன்று, குளித்துவிட்டு மாலையில் ஒன்று, விருந்துக்கு ஒன்று. ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு டஜன் கணக்கில் உடுப்பு வேண்டும். அத்தனையும் தண்ணீரில் ஊறி, கல்லில் அடிபட்டு, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, காய்ந்து, கரி இஸ்திரிப் பெட்டியின் கீழ் படிந்து, மூட்டையாக வீடு திரும்ப வேண்டும். சோப்பு புழக்கத்துக்கு வரும்முன் நம் ஊர்களில் உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, இரவெல்லாம் வெள்ளாவி வைப்பார்கள். அழுக்கை ஆவி இளக்கும். கல் வெளியே தள்ளும். முதுகு வளைந்து, துணியைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை ஒரு சத்தமாக விட்டு அடிக்கிற அந்த அடியில் தோள்பட்டை தேயும். நாள் முழுக்க முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவர்களின் விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிருக்கும்.

இத்தனை வீட்டுத் துணியும் ஒரே தண்ணீரில் கலந்தாலும் எது யாருடையது என்று மாறாது. அதற்குச் சேங்கொட்டை இருந்தது. கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் சாற்றால் துணியின் ஓரத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு கொக்கி போடுவார்கள். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் குறி கறுத்து நிலைத்துவிடும். எத்தனை வெள்ளாவிக்கும் போகாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நூறு குடும்பத்துக் குறிகளை மனத்திலேயே வைத்திருப்பார். கணக்குப் புத்தகம் இல்லாமல் நடந்த இந்த ஒழுங்கை நான் பெரிய அறிவாக மதிக்கிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தாத்தா காலத்தில் சலவைத் தொழில் செய்த குடும்பங்களில் பழைய இஸ்திரிப் பெட்டியோ, குறி போட்ட ஒரு துணியோ, எந்த வீட்டுக்கு எந்தக் குறி என்கிற ஞாபகமோ மிச்சம் இருந்தால், அது பரணில் கிடக்கக் கூடாது. சாதியைச் சொல்ல நேருமே என்ற கூச்சத்தில் பல குடும்பங்கள் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் கூச்சத்தை அவர்கள்மேல் ஏற்றியவர்கள் வேறு யாரோ. இந்த நகரத்தைச் சுத்தமாக உடுத்தவைத்தவர்கள் தலை குனிய எந்தக் காரணமும் இல்லை.

துவைக்கிறவருக்கு ஓடை தெளிவாக இருந்தால்தான் பிழைப்பு. மேல்கரையில் வீடுகள் பெருகி, அவற்றின் கழிவு இறங்கத் தொடங்கியதும் கீழ்க்கரையில் துவைப்பது கடினமானது. ஓடை அகலம் குறைந்து நேராக்கப்பட்டு, கரை கட்டப்பட்டு, கால்வாயானது. குழாய்த் தண்ணீர் வந்தது. சலவை வேலை ஓடையை விட்டுக் கொல்லைப்புறங்களுக்கும் கடைகளுக்கும் போனது. பெயர் மட்டும் இடத்தோடு ஒட்டிக்கொண்டது. வேறு ஊர்களில் இந்தத் தொழில் இத்தனை முழுமையாக அழிந்துவிடவில்லை. பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் இன்னொரு டோபி காட் உண்டு. அங்கே சலவைக் குடும்பங்கள் ஸ்ரீ ராமர் கோயிலைச் சுற்றி வாழ்ந்து தொழிலை வெகுகாலம் நடத்தினார்கள். சென்னையில் சைதாப்பேட்டையிலும் சேத்துப்பட்டிலும் டோபிகானா என்ற சொல் இன்னும் வெறும் பெயராகிவிடவில்லை.

சென்னையைச் சொன்னதால் அடையாற்றையும் சொல்ல வேண்டும். இதே கதையின் முந்தைய பதிப்பு அங்கே இருக்கிறது. கோட்டைக்குள் புழுங்கிய கம்பெனி அதிகாரிகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடையாற்றங்கரையிலும் கூவத்தின் கரையிலும் தோட்ட வீடுகள் கட்டிக் குடிபோனார்கள். ஜேம்ஸ் பிராடி 1790களில் அடையாற்றின் கரையில் கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டினார். படகுலாவில் பிரியமாக இருந்த அவர் அந்த ஆற்றிலேயே மூழ்கி இறந்தார். அந்த வீட்டில் இன்று அரசு இசைக் கல்லூரி இயங்குகிறது. ஹடில்ஸ்டன் தோட்டம் 1882இல் பிரம்மஞான சபையின் கைக்கு வந்ததால் அங்கே ஆலமரமும் ஆறும் பிழைத்தன. 1867இல் தொடங்கிய படகுச் சங்கத்தார் துடுப்பு போட்ட அதே ஆற்றில் இன்று மூக்கைப் பிடிக்காமல் பாலத்தைக் கடக்க முடியாது. பணக்காரர்கள் கரையைத் தேடி வருவது, கரை நெருக்கமாவது, ஆறு கெடுவது, அவர்கள் வேறு கரைக்குப் போவது: வரிசை இரண்டு ஊரிலும் ஒன்றே. சிங்கப்பூர் கடைசியில் ஓடைக்கு மூடி போட்டது. சென்னை ஆற்றைத் திறந்தே விட்டுவிட்டது.

டோபி காட்டிலிருந்து பிளாசா சிங்கப்பூராவைத் தாண்டினால் இஸ்தானாவின் பெரிய வாசல். சார்லஸ் பிரின்செப்பின் பட்டுப்போன சாதிக்காய்த் தோட்டத்தில் 106 ஏக்கரை அரசு வாங்கி, 1867 முதல் 1869 வரை ஆளுநர் மாளிகையாக இதைக் கட்டியது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825இலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்ட அவர்களுக்கு பிராஸ் பாசாவில், இந்த ஓடையின் அருகிலேயே சிறை இருந்தது. கல் உடைத்தது, செங்கல் சுட்டது, சாலை போட்டது எல்லாம் அவர்கள். பக்கத்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்கு அவர்கள் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, காய்ந்தபின் தேய்த்துப் பளபளப்பாக்குவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரிந்திருக்கும். தீபாவளி போன்ற திருநாட்களை ஒட்டி இஸ்தானாவின் வாசல் பொதுமக்களுக்குத் திறக்கும்போது, பட்டுப்புடவையும் குழந்தைகளுமாக நம் குடும்பங்கள் அந்தப் புல்வெளியில் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கலாம். பழைய உல்லாசப் பள்ளத்தாக்கில் மரமும் புல்லும் அப்படியே மிஞ்சிய ஒரே பெரிய துண்டு இதுதான்.

சலவைக்காரர்களும் வண்டிக்காரர்களும் கைதிகளாக வந்து விடுதலையானவர்களும் இருந்த இடத்தில் கோயில் இல்லாமல் இருக்குமா? 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆர்ச்சர்ட் சாலையில், டோபி காட் முனையில், சிவன் கோயில் இருந்தது. அதற்கு மேற்கே வைரவிமட காளியம்மன். ஆர்ச்சர்ட் சாலையைத் தமிழர்கள் அந்தக் கோயிலின் பெயரால்தான் குறிப்பிட்டார்கள். காளியம்மன் 1921இல் சாமர்செட் சாலைக்கும், 1980களில் தோ பாயோவுக்கும் போனாள். சிவன் கோயில் 1983 வரை இருந்த இடத்தில் இருந்தது. ரயில் நிலையம் வரும் என்று நிலம் எடுக்கப்பட்டதும் மூர்த்திகள் சிராங்கூன் சாலைக்குப் போய், 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் எண்கோண வடிவில் எழும்பிய புதுக் கோயிலில் குடியேறின. ஆர்ச்சர்ட் சாலையில் சிவராத்திரிக்குக் கண்விழித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களிடம் டோபி காட் என்று சொல்லிப் பாருங்கள். கடைத்தொகுதியைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் இந்த இடம் பழைய உரிமையோடு நம் கைக்கு வருகிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் காவடிகள் செலிகி சாலை வழியாக இறங்கி, டோபி காட்டைக் கடந்துதான் டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகின்றன. நகரத்தார் 1859இல் கட்டிய கோயில் அது. பாலும் மஞ்சளும் தண்ணீரும் சிந்திய தாரில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கீழே ஓடை போய்க்கொண்டிருக்கும்.

நிலையத்துக்குத் தெற்கே ஃபோர்ட் கேனிங் குன்று. அதன் மேற்குச் சரிவில் இருந்த ஊற்றில் 14ஆம் நூற்றாண்டில் அரசகுலப் பெண்கள் நீராடினார்கள், பிறர் போகக் கூடாது என்பது மலாய் மரபு. 1820களில் கப்பல்களுக்குத் தண்ணீர் இந்த ஊற்றிலிருந்து போனது. குன்றைச் சுற்றிக் கிணறு தோண்டத் தோண்ட ஊற்று வற்றிவிட்டது. 2019இல் அதன் ஞாபகமாகப் பூங்காவில் ஒரு சிறு குளம் அமைத்திருக்கிறார்கள். வடக்கே மவுண்ட் எமிலி. 1878இல் நகரக் குடிநீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் அங்கே இருந்தது. அது தேவைப்படாமல் போனபின் 1931இல் அதைச் சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளமாக்கினார்கள். அதுவரை நீச்சல் என்பது சங்கத்து உறுப்பினர்களுக்கும் கடலோர மாளிகைக்காரர்களுக்கும் உரியது. செலிகியிலும் தேக்காவிலும் ஒண்டிக் குடித்தனத்தில் வளர்ந்த பிள்ளைகள் சில காசு கொடுத்துத் தண்ணீரில் குதிக்க முடிந்தது இங்கேதான். ஏறத்தாழ 50 ஆண்டுகள் நடந்த குளத்தை 1980களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். இப்போது குன்றின் மேல் பூங்கா. அங்கே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, இந்த வட்டாரத்தின் உல்லாச இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குளமாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஓடை தந்துகொண்டிருந்த குளிர்ச்சியை அடுத்து எந்திரம் தந்தது. 1939 அக்டோபர் 3ஆம் தேதி டோபி காட் முனையில் கேத்தே திரையரங்கு திறந்தது. லோக் வான் தோவின் குடும்பம் கட்டிய அந்தப் பதினாறு மாடிக் கட்டடம் சிங்கப்பூரின் முதல் வானளாவி. அரங்கில் குளிர்சாதனம் பொருத்தியிருந்தார்கள். அங்கே படம் பார்ப்பதில் பாதி சுகம் அந்தக் குளிரில் இருந்திருக்கும். போர் வந்தது. 1911இல் கட்டிய ஒய்எம்சிஏ ஜப்பானிய ராணுவப் போலீஸின் சித்திரவதைக் கூடமானது. அதற்குக் கூப்பிடு தூரத்தில், 1943 அக்டோபர் 21ஆம் தேதி, கேத்தே அரங்கில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் பக்கத்து வாட்டர்லூ தெருவில் ஜான்சிராணி படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டு வந்த தமிழ்ப் பெண்கள் அதில் துப்பாக்கி பிடித்தார்கள். சலவைத் திடலிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் நடந்த இந்த இரண்டு நாட்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே கடந்து போகிறேன். கேத்தேயின் முகப்பு 2003இல் தேசிய நினைவுச் சின்னமானது. உள்ளே இருந்த கேத்தே திரையரங்கு 2022இல் மூடப்பட்டது.

ஆற்றங்கரைக் கேளிக்கை என்று சிங்கப்பூர்க்காரர்களைக் கேட்டால் வயதானவர்கள் கிரேட் வேர்ல்டைச் சொல்வார்கள். சிங்கப்பூர் ஆற்றின் மேல்பகுதியில், கிம் செங் சாலையில் 1931இல் தொடங்கியது: சினிமா, ராட்டினம், மேடை நாடகம், குத்துச்சண்டை, தின்பண்டக் கடைகள். 1964இல் மூடினார்கள். 1997இல் அதே இடத்தில் அதே பெயரில் கடைத்தொகுதி. சிராங்கூன் சாலையின் மறுகோடியில், ஏமனிலிருந்து வந்த அல்காஃப் குடும்பம் 1930இல் ஜப்பானிய பாணியில் ஏரியும் பாலமும் தேநீர்க் குடிலும் வைத்து ஒரு தோட்டம் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் படகு விட்டன. போருக்குப் பின் 1949இல் விற்றார்கள்; ஏரியையும் பின்னர் தூர்த்துவிட்டார்கள். அதன் அருகே பிடாடாரியில் 2024இல் திறந்த பூங்காவில் அல்காஃப் ஏரி என்ற பெயரில் ஒரு நீர்நிலை இருக்கிறது. பெருமழையின்போது வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் வேலை அதற்கு.

வெள்ளம்தான் ஆர்ச்சர்ட் சாலைக்கும் தன் ஓடையை ஞாபகப்படுத்தியது. 2010 ஜூன் 16ஆம் தேதி காலையில் கொட்டிய மழையில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் நிரம்பி, சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. உலகின் விலையுயர்ந்த பைகளும் கடிகாரங்களும் விற்கும் கடைத்தொகுதிகளின் அடித்தளத்துக்குள் சேற்றுநீர் படியிறங்கியது. சாலையை உயர்த்தினார்கள். 2018இல் தாங்ளின் பக்கம், தாவரவியல் பூங்காவை ஒட்டி, 38,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியைக் கட்டி முடித்தார்கள். ஓடையின் மேல்பகுதித் தண்ணீரில் ஒரு பங்கைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பிவிட இரண்டு கிலோமீட்டருக்குப் புதிய கால்வாயும் வெட்டினார்கள். பள்ளத்தாக்கின் சரிவு நாம் போட்ட தளத்துக்குக் கீழே அப்படியேதான் இருக்கிறது. மழைக்கு அந்த வழி தெரியும். இதைச் செய்த பொறியாளர்களின் திறமையை மெச்சுகிறேன். ஆனால் இத்தனை செலவில் மறுபடி கண்டுபிடித்த ஓடையை ஓரிடத்திலாவது திறந்து, கரையில் நான்கு கல் இருக்கை போட்டு, மக்கள் பார்க்கும்படி விட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை. பீஷானில் காலாங் ஆற்றின் கான்கிரீட் கரையை உடைத்து, புல்லும் கல்லுமாகப் பூங்காவுக்குள் வளைந்தோட விட்டவர்களும் இதே ஊர்க்காரர்கள்தானே.

பிற்பகலில் கால்வாயின் போக்கைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் நடந்தேன். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் ஒருகாலத்தில் சிவப்புச் செங்கல் தேசிய நூலகம் நின்றது. 1960இல் திறந்து, 2004இல் மூடி, பிறகு சுரங்கச் சாலைக்காக இடித்த கட்டடம். அதன் படிகளில் உட்கார்ந்து படித்தவர்கள் இன்றும் அந்த வழியே போகும்போது ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். பிறகு தேவாலயம், திடல், விரிகுடா. 2008இல் திறந்த மரினா அணை கடல்நீரைத் தடுத்து, ஐந்து ஆறுகளின் தண்ணீரைச் சேர்த்து நன்னீர்த் தேக்கமாக்கியிருக்கிறது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை இங்கே வருகிறது. டோபி காட் வழியாக வரும் தண்ணீரும் அதில் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு, வீட்டுக் குழாய்க்குப் போகிறது. அணையின் புல்கூரையில் காற்றாடி விட்டுக்கொண்டு, டப்பாவில் கொண்டுவந்த புளிச்சோறும் பொரியலும் பிரித்துச் சாப்பிடும் குடும்பங்கள். காற்று வாங்க நகரம் இப்போது இங்கேதான் வருகிறது.

சுற்றிலும் ஓட்டல்கள். ஆயிரக்கணக்கான அறைகள், ஒவ்வோர் அறைக்கும் நாள்தோறும் வெள்ளை விரிப்பு, வெள்ளைத் துண்டு. அவற்றை எங்கே துவைக்கிறார்கள் என்ற எண்ணம் காலையிலிருந்தே என்னை விடவில்லை. ஓர் ஓட்டலின் பின்பக்கச் சாலையில், ஆளுயரச் சக்கரக்கூண்டுகளில் அழுக்கு விரிப்புகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டுநர் தமிழர்.

“இதெல்லாம் எங்கண்ணே போகுது?”

“துவாஸுக்கு. அங்க பெரிய ஃபேக்டரி இருக்கு. இத இறக்கிட்டு, தொவச்சத ஏத்திக்கிட்டு திரும்ப வரணும்.”

துவாஸ் தீவின் மேற்குக் கோடி. இங்கிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ராத்திரி வேலையும் உண்டா என்று கேட்டேன்.

“மெஷின நிறுத்தவே மாட்டாங்கண்ணே. ஆள் மாறி மாறி நிப்பாங்க. உள்ள ஒரே சூடு, வெளிய வந்தாத்தான் மூச்சே வரும்,” என்று சொல்லிக்கொண்டே கடைசிக் கூண்டைப் பட்டை போட்டுக் கட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.